தேத்தண்ணியும் ஒன்பதாம் பக்கமும்

தம்பிலுவில் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 46. ஓர் அரிசி ஆலையில் 14 வருடம் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர். 38 மூடை அரிசி குறைகிறது என்று சொல்லி வேலையால் நிறுத்திவிட்டார்கள். தொழில் நியாய சபைக்குப் போனார். அங்கே வழக்கைக் கேட்டுக் கட்டளை ஆக்குபவரைத் ‘தலைவர்’ என்பார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் இழுபட்டு, வேலைநீக்கம் சரியே என்று கட்டளை வந்திருக்கிறது. கடிதம் எட்டுப் பக்கம். அதன் சாரம் அவருடைய வாயாலேயே:

“சேர், தலைவர் தொடக்கத்தில இருந்தே கம்பனிப் பக்கம்தான். மூண்டாவது தவணை அண்டைக்கு மத்தியானம் கன்டீனில, கம்பனிச் சட்டத்தரணியோட ஒரே மேசையில இருந்து தேத்தண்ணி குடிச்சி, சிரிச்சிக் கதைச்சத என்ட கண்ணால கண்டன். நான் சாட்சி சொல்லக்குள்ள அவங்கட சட்டத்தரணிய விட தலைவர்தான் கூடக் கேள்வி கேட்டாரு. ‘பதினாலு வருஷம் ஸ்டோர்ல இருந்தவருக்கு இது தெரியாதா?’ எண்டும் கேட்டாரு. கையெழுத்தில்லாத போட்டோக் கொப்பியையும் சாட்சியமா எடுத்தாரு. மறுகா, கட்டளை வந்த பிறகுதான் ஒருத்தர் சொன்னாரு, தலைவரும் அந்தச் சட்டத்தரணியும் முந்தி ஒரே சீனியருக்குக் கீழ இருந்தவங்களாம். தலைவர் எங்கட ஆளும் இல்ல. மேல் நீதிமன்றத்தில முழு வழக்கையும் திரும்ப விசாரிக்கச் சொல்லிக் கேக்கலாமா? அப்ப வராம நிண்ட லொறி ட்றைவர் இப்ப சாட்சி சொல்ல வாறன் எண்டுறாரு.”

தம்பி, முதலில் திகதியைப் பேசுவோம். தொழில் நியாய சபையின் கட்டளைக்கு எதிராக மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யக் கட்டளைத் திகதியிலிருந்து 30 நாள்தான். உங்கள் கடிதம் என் மேசைக்கு வந்தபோது அதில் 12 நாள் போய்விட்டது. அதனால்தான் இது வெளிவருவதற்கு முன்பே தொலைபேசியில் உங்களைப் பிடித்து, வழக்கேட்டின் அத்தாட்சிப்படுத்திய பிரதிக்கு அன்றைக்கே விண்ணப்பிக்கச் சொன்னேன். இதை வாசிக்கும் மற்றவர்களும் கவனியுங்கள். “கொப்பி வரட்டும், பார்ப்பம்” என்று காத்திருந்து நாளைத் தொலைத்தவர்களை என் அலுவலகத்தில் வருடத்துக்கு நாலைந்து பேரையாவது பார்க்கிறேன். பிரதி வராவிட்டாலும் நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்கலாமா, விடுமுறையைக் கழிக்கலாமா என்று கணக்குப் பார்த்து 30 ஆம் நாள் விளிம்பில் போய் நிற்க வேண்டாம்.

இனி, முழு வழக்கையும் திரும்ப விசாரிப்பார்களா என்ற கேள்வி. மாட்டார்கள். 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் தொழிலாளிக்கும் முதலாளிக்கும் கொடுத்திருக்கிற மேன்முறையீட்டு உரிமை சட்டப் பிரச்சினையின் மேல் மட்டும்தான். நம் பக்கத்துப் பேச்சில் சொன்னால், அடித்த சூட்டைத் திரும்ப அடிக்கிற களம் அல்ல மேல் நீதிமன்றம். அளந்த மரக்கால் சரியான மரக்காலா என்று மட்டும்தான் அது பார்க்கும். சாட்சிகள் யாரும் திரும்ப வரமாட்டார்கள். நீதிபதியின் முன் இருப்பது வழக்கேடு மட்டும்தான். இரண்டு வருடமாகத் தட்டச்சில் ஏறிய சாட்சியம், அடையாளமிட்ட ஆவணங்கள், கட்டளை.

ஆகவே லொறிச் சாரதியை மறந்துவிடுங்கள். உங்களுக்கு இது கசக்கும், தெரியும். அவர் அன்றைக்கு வந்து சொல்லியிருக்க வேண்டும். வரமாட்டேன் என்று நின்றிருந்தால் அழைப்பாணை எடுத்திருக்க வேண்டும். அப்போதே வந்திருக்கக்கூடிய சாட்சியை மேன்முறையீட்டில் புதிதாகக் கொண்டுவந்து நிறுத்த எந்த நீதிபதியும் இலேசில் இடம்கொடுக்கமாட்டார்.

“கணக்காளரை நம்பினார், என்னை நம்பவில்லை” என்று நாலு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். யாரை நம்புவது என்பது சாட்சியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் வேலை. மேல் நீதிமன்றம் அதில் கை வைக்க எவ்வளவு தூரம் போகவேண்டும் என்பதை 1977 இல் ஹில்மன் வழக்கில் நீதியரசர் சர்வானந்தா சொல்லிவைத்தார். ஒரு தேயிலை, இறப்பர் தோட்டக் கம்பனி சம்பந்தப்பட்ட வழக்கு அது. நியாய சபையின் முடிவுக்கு ஆதாரமாகச் சட்டம் ஏற்கும் சாட்சியம் எதுவுமே ஏட்டில் இருக்கக்கூடாது; அல்லது, இருக்கிற சாட்சியத்தை வைத்துக்கொண்டு புத்தியுள்ள எவரும் அப்படியொரு முடிவுக்கு வந்திருக்க முடியாது என்று இருக்கவேண்டும். அப்போதுதான் சம்பவம் பற்றிய முடிவு சட்டப் பிரச்சினையாக மாறும். “நானாக இருந்தால் வேறுமாதிரி முடிவெடுத்திருப்பேன்” என்று மேல் நீதிமன்ற நீதிபதிக்கே தோன்றினாலும் அது போதாது. இன்றைக்கும் ஏறத்தாழ எல்லாத் தொழில் மேன்முறையீட்டிலும் எதிர்த்தரப்பு முதலில் எடுத்து நீட்டுகிற வழக்கு இது. கல்முனை மேல் நீதிமன்றத்தில் உங்கள் மனு வாதத்துக்கு வரும் நாளிலும் நீட்டுவார்கள்.

போட்டோக் கொப்பி விடயத்தில் கோபப்பட அதிகமில்லை. தொழில் நியாய சபையைச் சாட்சியக் கட்டளைச் சட்டம் கட்டுப்படுத்தாது. சிவில் நீதிமன்றத்தில் நுழையவே முடியாத கடதாசி இங்கே நுழையலாம். அதற்கு எவ்வளவு பாரம் கொடுத்தார் என்பதில்தான் குறை இருந்தால் இருக்கலாம். இந்தத் தளர்வு தொழிலாளிக்காகவும்தான் வைக்கப்பட்டது என்பதை நினைத்துப் பாருங்கள். உங்கள் தரப்பு கொடுத்த சம்பளச் சிட்டைகளில் பாதியும் போட்டோக் கொப்பிதானே?

எட்டுப் பக்கத்தில் ஆறு பக்கத்தைத் தின்ற விடயத்துக்கு வருவோம். தலைவர் பக்கச்சார்பானவர் என்பது உங்கள் முறைப்பாடு.

பக்கச்சார்பு நிரூபணமானால் அது சட்டப் பிரச்சினைதான், கட்டளையே நிற்காது. அதில் சந்தேகமில்லை. அவர் மனதுக்குள் உண்மையாகவே சார்பு இருந்தது என்று காட்டவேண்டிய தேவையும் உங்களுக்கு இல்லை. அதை யாரால்தான் காட்ட முடியும்? வெளியே தெரிகிற நிலைமையைக் காட்டினால் போதும். ஆனால் அந்த நிலைமையை யாருடைய கண்ணால் பார்ப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தோற்றவரின் கண்ணால் அல்ல. 1968 இல் ரத்னகோபால் வழக்கில் நம் நாட்டு உயர் நீதிமன்றம் வைத்த அளவுகோல் இது: எல்லாச் சூழ்நிலையையும் அறிந்த நியாயமான ஒரு மனிதர், இவர் எனக்கு எதிராகச் சார்பு கொள்ள உண்மையான வாய்ப்பு இருக்கிறது என்று நம்புவாரா? வெறும் ஐயம் போதாது. இங்கிலாந்தில் 2001 இல் போர்ட்டர் எதிர் மகில் வழக்கில் பிரபுக்கள் சபை இதையே வேறு சொல்லில், நேர்மையான மனமுள்ள, விபரம் அறிந்த பார்வையாளர் என்று வைத்தது. “விபரம் அறிந்த” என்ற சொல்லை வாசகர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். நீதிமன்ற வளாகம் எப்படி இயங்குகிறது, சட்டத்தரணிகள் ஒருவரோடொருவர் எப்படிப் பழகுகிறார்கள் என்பது தெரிந்த பார்வையாளர் அவர். கன்டீன் வாசலில் வயிறு எரிந்துகொண்டு நிற்கிறவர் அல்ல.

சார்பு என்றால் என்ன என்பதற்கு ஓர் உதாரணம். 1924 இல் அறிக்கையிடப்பட்ட சசெக்ஸ் வழக்கு. மெக்கார்த்தி என்பவர் மோட்டார் சைக்கிளில் போய் விபத்து. ஆபத்தாக ஓட்டினார் என்று குற்றவழக்கு. அதே விபத்துக்காக அவரிடம் நட்டஈடு கேட்கிற தரப்பின் சட்ட நிறுவனத்தில் பங்காளியாக இருந்தவர்தான், குற்றவழக்கைக் கேட்ட நீதவான்களுக்கு எழுதுவினைஞர். தீர்ப்பை யோசிக்க நீதவான்கள் உள்ளே போனபோது, சட்ட விளக்கம் தேவைப்பட்டால் சொல்லலாம் என்று அவரும் கூடப் போனார். உள்ளே அவர் வாயே திறக்கவில்லை. அவர்களும் எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டார்கள். அப்படியிருந்தும் தீர்ப்பு உடைக்கப்பட்டது. நீதி செய்யப்பட்டால் மட்டும் போதாது, செய்யப்படுவது கண்ணுக்கும் தெரியவேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோமே, அந்தப் பேச்சு பிறந்தது இந்த வழக்கில்தான்.

இதைக் கேட்டதும், “அங்க பேசாம இருந்ததுக்கே உடைச்சிருக்காங்க, இங்க சிரிச்சிக் கதைச்சிருக்காங்களே” என்று கேட்பீர்கள். வித்தியாசத்தைப் பாருங்கள். அந்த எழுதுவினைஞருக்கு வழக்கின் முடிவில் சொந்த அக்கறை இருந்தது. மெக்கார்த்தி குற்றவாளி என்று வந்தால் அவருடைய நிறுவனத்தின் நட்டஈட்டு வழக்குக்குப் பலம். அந்த அக்கறையோடு, முடிவெடுக்கிற அறைக்குள்ளேயே இருந்தார். கன்டீன் தேத்தண்ணிக்குள் அப்படி என்ன அக்கறை இருக்கிறது? நம் நீதிமன்ற வளாகங்களில் கன்டீன் என்பது ஒரு கொட்டில். நாலு மேசை, எட்டுக் கதிரை. மத்தியானம் பன்னிரண்டரைக்கு அங்கே யாருக்குப் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்பதைத் தீர்மானிப்பது காலியாகக் கிடக்கிற கதிரைதான். நானே போன கிழமை காலையில் என்னை உரித்தெடுத்த சட்டத்தரணியோடு ஒரே தட்டில் வடை தின்றேன். இந்தப் பழக்கம் நல்லதா என்று கேட்டால், நல்லதல்ல என்பேன். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது ஒரு தரப்புச் சட்டத்தரணியின் மேசையில் தலைவர் இருக்கக்கூடாது. தேத்தண்ணியைத் தன் அறைக்கு எடுப்பித்துக் குடிக்கலாம். ஆனால் பார்வைக்கு அழகில்லாத ஒன்றை வைத்துக் கட்டளையை உடைக்க முடியாது. வழக்கைப் பற்றிக் கதைத்தார்கள் என்று காட்ட முடிந்தால் கதையே வேறு. நீங்கள் வாசலில் நின்றீர்கள். ஒரு சொல்லும் காதில் விழவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

தலைவர் கூடக் கேள்வி கேட்டார் என்பதில் நான் உங்கள் பக்கம் இல்லை. தொழில் நியாய சபை நடுவில் சும்மா இருந்து புள்ளி போடுகிற இடமல்ல. தேவையான விசாரணையைச் செய்து, சாட்சியத்தைக் கேட்டு, நீதியும் நியாயமும் என்று தனக்குப் படுகிற கட்டளையை ஆக்கும் கடமையைச் சட்டமே தலைவர் மேல் சுமத்துகிறது. சட்டத்தரணி இல்லாமல் வரும் தோட்டத் தொழிலாளிக்காக இந்தக் கேள்விகள்தான் பல தடவை கதவைத் திறந்திருக்கின்றன. கேட்ட தொனி? “பதினாலு வருஷம் இருந்தவருக்கு இது தெரியாதா” என்பது சுள்ளென்று குத்துகிற கேள்விதான். ஆனால் அது கேள்வி. “நீர் எடுத்ததுதான், ஒத்துக்கொள்ளும்” என்று விசாரணையின் நடுவிலேயே சொல்லியிருந்தால் அது தீர்ப்பு. உங்கள் ஏட்டில் முதலாவதுதான் இருக்கிறது.

ஒரே சீனியர் கதையை நான் ஒரு வரியில் முடிக்கிறேன்: இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1999 ஆம் ஆண்டு லோக்கபெயில் வழக்கில் இப்படிப்பட்ட பழைய தொழில் தொடர்புகள் சாதாரணமாக ஆட்சேபனைக்குக் காரணமாகாது என்று தெளிவாகவே சொன்னது. மட்டக்களப்பு, கல்முனை போன்ற சின்ன இடங்களில் ஒரே சீனியரின் வாசலை மிதிக்காத இரண்டு சட்டத்தரணிகளைக் கண்டுபிடிப்பதே கஷ்டம்.

“எங்கட ஆள் இல்ல” என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியதற்கும் அதே தீர்ப்பில் பதில் இருக்கிறது. இனம், மதம், பால், வயது இவற்றை வைத்து ஒரு நீதிபதியை ஆட்சேபிக்கவே முடியாது. மூன்று சமூகமும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுகிற அம்பாறை மாவட்டத்தில் இந்த ஆட்சேபனைக்கு ஒரு தடவை கதவு திறந்தால், மறுநாள் எந்த வழக்கையும் கேட்க ஆள் இருக்காது. மனுவில் இதைச் சாடையாகக்கூட எழுதவேண்டாம். எழுதினால், மீதி நியாயங்களையும் நீதிபதி அந்தக் கண்ணாடி போட்டுத்தான் வாசிப்பார்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல், நீங்கள் சும்மா இருந்தது. தேத்தண்ணி மூன்றாவது தவணையில். அதன்பிறகு பதினொரு தவணை போயிருக்கிறது. ஒரு தடவையாவது உங்கள் சட்டத்தரணி எழுந்து, “இப்படியொன்றைக் கண்டதாக என் கட்சிக்காரர் சொல்கிறார்” என்று ஏட்டில் பதியச் செய்தாரா? இல்லை. சார்பு இருக்கிறது என்று தெரிந்தும், வென்றால் சரி, தோற்றால் பார்ப்போம் என்று காத்திருப்பவருக்குச் சட்டம் இரண்டாவது வாய்ப்புக் கொடுப்பதில்லை. ஆட்சேபனையை அவர் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்ளும்.

இதில் எனக்கும் ஒரு தழும்பு உண்டு. கறுப்புக் கோட்டு புதுசாக இருந்த காலம். வேலையால் நிறுத்தப்பட்ட ஒரு காசாளருக்காக நின்றேன். முதல் தவணையிலேயே தலைவர், “இந்த நிறுவனத்தின் முகாமையாளரும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், இப்போதும் பழக்கம் இருக்கிறது, ஆட்சேபனை உண்டா?” என்று திறந்த சபையில் கேட்டார். நேர்மையான மனிதர், அவர் கேட்ட முறையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நான் கிறுகிக் கட்சிக்காரரைப் பார்த்தேன். அவர் கூச்சப்பட்டுத் தலையை ஆட்டினார். “ஆட்சேபனை இல்லை” என்றேன். அந்த மூன்று விநாடி ஏட்டில் ஒரு வரியாக ஏறியது. வழக்குத் தோற்றது. மேன்முறையீட்டுக்காக ஏட்டை விரித்தபோது அந்த வரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. “அண்டைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி” என்றார் அந்தக் காசாளர். சொல்லவேண்டியவன் நான்தான். ஐந்து நிமிடம் அவகாசம் கேட்டு, அவரை வராந்தாவுக்குக் கூட்டிப்போய் விளங்கப்படுத்தியிருக்க வேண்டும். இப்போதெல்லாம் அப்படித்தான் செய்கிறேன்.

ஆனால் இந்த விதிக்கு ஒரு வாசல் இருக்கிறது. அது உங்களுக்குப் பயன்படுமா என்று பார்ப்பதற்காகத்தான் கட்டளையை முழுதாக அனுப்பச் சொன்னேன். அவுஸ்திரேலியாவில் 1989 இல் வக்கௌட்டா எதிர் கெலி என்று ஒரு வழக்கு. வீதி விபத்து நட்டஈடு. காப்புறுதித் தரப்பு வழக்கமாகக் கூப்பிடும் மூன்று வைத்தியர்களைப் பற்றி, விசாரணையின்போதே நீதிபதி நக்கலாகப் பேசினார். அந்தத் தரப்புச் சட்டத்தரணி வாய் திறக்கவில்லை. பிறகு தீர்ப்பிலும் அதே தொனியில் எழுதிவிட்டார். அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் சொன்னது: விசாரணையில் பேசியதற்கு அப்போதே ஆட்சேபிக்காததால் அதைக் கைவிட்டாயிற்று, ஆனால் தீர்ப்பில் எழுதியதற்கு முன்கூட்டி எப்படி ஆட்சேபிக்க முடியும்? மறுவிசாரணை நிலைத்தது. ஆகவே நான் உங்கள் கட்டளையில் தேடியது, உங்களைப் பற்றி இளக்காரமாக ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று. பதினாலு பக்கம், இரண்டு தடவை வாசித்தேன். இல்லை. மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்.

தேடும்போது வேறொன்று கிடைத்தது. ஒன்பதாம் பக்கம், மேலிருந்து மூன்றாவது பந்தி. உங்கள் எட்டுப் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. “38 மூடைகளும் தமது பொறுப்பில் இருந்தபோது எவ்வாறு குறைந்தன என்பதை விளக்கி, தாம் அவற்றை அகற்றவில்லை என்று நிரூபிக்க விண்ணப்பதாரர் தவறிவிட்டார்” என்று எழுதியிருக்கிறது. அதை மூச்சுவிட்டு வாசியுங்கள். யார் நிரூபிக்கத் தவறியது? நீங்கள். வேலையால் நிறுத்தியதை ஆலை ஒத்துக்கொண்ட வழக்கு இது. அப்படியானால் நிறுத்தியது சரி என்று காட்டும் சுமை ஆலையின் தலையில். களவு போன்ற குற்றச்சாட்டானாலும் தொழில் நியாய சபையில் அளவு சிவில் அளவுதான், அதாவது எது கூடுதலாகச் சாத்தியம் என்ற சமநிலை. 1975 இல் பற்றறித் தொழிற்சாலை ஒன்றின் வழக்கில் அது தீர்ந்துவிட்டது. அளவு தளர்வானது என்பதற்காகச் சுமை ஆளை மாறி உங்கள் தோளில் ஏறிவிடாது. சுமையை மாற்றி வைத்தாரா என்பது, யாரை நம்பினார் என்ற கேள்வி அல்ல. மரக்காலே பிழை என்ற கேள்வி. ஹில்மன் வழக்கு இதற்குக் குறுக்கே நிற்காது.

அதற்கு அடுத்த பக்கத்தில், வெளியே போகிற பொருளைப் பதிகிற கேட் பாஸ் புத்தகத்தில் அந்த 38 மூடைக்கும் எதிரே உங்கள் கையொப்பம் இருக்கிறது என்று கட்டளை சொல்கிறது. குறுக்கு விசாரணையில் ஆலையின் காவலாளி சொன்னது உங்களுக்கு நினைவிருக்கிறதா? நீங்கள் இணைத்த சாட்சியப் பிரதியில் இருக்கிறது. அந்த வாரம் நீங்கள் காய்ச்சலில் லீவு, பாஸில் கையெழுத்துப் போட்டது கணக்குக் கந்தோரில் இருந்து வந்தவர் என்கிறார். இதைக் கட்டளை ஏற்கவுமில்லை, நிராகரிக்கவுமில்லை. அப்படியொரு சாட்சியம் இருந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. காவலாளியை நம்பவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் நமக்கு வாய் இல்லை. முக்கியமான சாட்சியத்தைக் கவனத்தில் எடுக்காமலே முடிவுக்கு வந்தது சட்டப் பிழை. நீதியும் நியாயமுமான கட்டளை என்றால் தலைவரின் மனம்போன போக்கு அல்ல, சாட்சியத்தில் கால் ஊன்றி நிற்கவேண்டும் என்று இலங்கைப் போக்குவரத்துச் சபை எதிர் குணசிங்க வழக்கில் நீதியரசர் வீரமந்திரி எழுதியதை இதற்குத்தான் எடுப்போம்.

ஆகவே மனுவில் முதலில் வருவது ஒன்பதாம் பக்கம், இரண்டாவது காவலாளி. பக்கச்சார்பை என்னைக் கேட்டால் போடவே வேண்டாம். பலமான இரண்டு நியாயத்துக்குப் பக்கத்தில் ஒரு பலவீனமான நியாயத்தை நிறுத்தினால், எதிர்த்தரப்பு அதைப் பற்றித்தான் அரை மணித்தியாலம் பேசும். தலைவரின் நடத்தை பற்றி உங்களுக்கு உண்மையாகவே முறைப்பாடு இருந்தால், அதை எழுதவேண்டிய இடம் நீதிச் சேவை ஆணைக்குழு. ஆனால் அங்கே எழுதுவதால் கட்டளை ஓர் எழுத்தும் மாறாது. அது மேன்முறையீட்டு இடமல்ல. அதைக் காரணம் காட்டி 30 நாளை நீட்டவும் முடியாது.

30 நாள் தப்பிப்போனால் வழியே இல்லையா என்று வேறு சிலர் கேட்டு எழுதுவது வழக்கம். 1990 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் தொழில் நியாய சபைக் கட்டளைகளை மேன்முறையீட்டில் மட்டுமல்ல, மீளாய்விலும் பார்க்கும் அதிகாரத்தை மாகாண மேல் நீதிமன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது. ஆனால் மீளாய்வு உரிமை அல்ல, நீதிமன்றத்தின் தற்துணிபு. நேரத்துக்கு மேன்முறையீடு செய்யாததற்கு விதிவிலக்கான காரணம் காட்டவேண்டும். “கொப்பி வரல்ல” என்பது விதிவிலக்கு ஆகாது.

வென்றால் என்ன கிடைக்கும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். மேல் நீதிமன்றம் கட்டளையை மாற்றலாம், தள்ளலாம், அல்லது சரியான சுமையை வைத்துத் திரும்பப் பார்க்கும்படி நியாய சபைக்கே அனுப்பலாம். கடைசியாகச் சொன்னது நடந்தால் இன்னும் ஒரு வருடமாவது ஓடும். எதிர்மாறாக வந்தால் உயர் நீதிமன்றத்துக்குப் போக முதலில் அனுமதி வேண்டும். அங்கே வாசல் இன்னும் ஒடுக்கம். செலவு பயமாக இருந்தால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் வருமான விபரத்தோடு போய்ப் பாருங்கள். மேன்முறையீடு செய்யும்போது பிணைப்பணம் கட்டும் பொறுப்பு முதலாளிக்குத்தான், தொழிலாளிக்கு இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்று. 14 வருடச் சேவைக்கு உங்களுக்குப் பணிக்கொடை வந்ததா? கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்த இடத்தில், ஐந்து வருடம் முடித்த மாதச் சம்பளக்காரருக்கு ஒரு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். உங்களுக்கு ஏழு மாதச் சம்பளம். களவு என்று நிறுத்தினாலும் முழுவதையும் விழுங்க முதலாளிக்கு உரிமை இல்லை. உங்களால் ஏற்பட்ட நட்டத்தின் அளவுக்குத்தான் கழிக்கலாம். 38 மூடையின் அன்றைய விலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏழு மாதச் சம்பளத்தில் மிச்சம் வரும். இதற்கு மேல் நீதிமன்றம் தேவையில்லை. உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். வியாழக்கிழமை என் அலுவலகத்துக்கு வரும்போது நியமனக் கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சிட்டை, அந்தக் காய்ச்சல் வாரத்து வைத்தியச் சான்றிதழ் ஏட்டில் அடையாளமிடப்பட்டதா என்ற விபரம், இவற்றோடு வாருங்கள்.